பழைய வர்த்தக டைரக்டரியில் நம் ஊரைத் தேடுவது எப்படி?



சில ஆண்டுகளுக்கு முன் நம் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். தான் வாழும் ஊரின் சரித்திரத்தை நான்கு பக்கம் எழுதிவர வேண்டும் என்பது அது. கடை அடைக்கும் நேரத்தில் நோட்டும் பேனாவுமாக வந்து நம் எதிரில் உட்கார்ந்தாள்.

“அத்தா, நம்ம கடை எந்த வருஷம் ஆரம்பிச்சது?”

“என் தாதா காலத்துலம்மா.”

“வருஷம் சொல்லுங்க.”

நமக்குத் தெரியவில்லை.

“சரி, போர்டுல இருக்கிற மூணு எழுத்து யாரோட பேரு?”

அதற்கும் பதில் இல்லை. நம் அத்தாவின் பெயரெழுத்தும் அதில் கிடையாது. பாட்டனாரின் பெயரெழுத்தும் கிடையாது. நாற்பது ஆண்டுகளாக அந்தப் போர்டின் கீழே நின்று அரிசியும் பருப்பும் நிறுத்துக் கொடுத்தவர்கள் நாம். அது யாருடைய விலாசம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த வெட்கம்தான் நம்மைப் பழைய டைரக்டரிகளின் பக்கம் தள்ளியது. அதில் நாம் கற்றதையும் தவறியதையும் நம் சங்கத்து அன்பர்களுக்குப் பயன்படுமென்று ஒரு பாடமாக எழுதுகிறோம்.

நாம் படித்தது தெலுக் பங்லிமா காராங்கில் ஆறாம் வகுப்பு வரை. பிறகு மதரஸாவில் சில ஆண்டுகள். ஆங்கிலம் சரக்குப் பட்டியல் படிக்கும் அளவுக்கே தெரியும். ஆங்கிலப் பக்கங்களை மகள் படித்துச் சொன்னாள். பொருளை நாம் சொன்னோம். டைரக்டரி என்பது பெயர், தொழில், இடம், சரக்கு ஆகிய நான்கையும் சொல்லும் புத்தகம். இந்நான்கையும் காலை முதல் இரவு வரை கையாளுகிறவன் கடைக்காரன். ஆகவே, ‘நமக்கேன் இந்த ஆராய்ச்சி?’ என்று எவரும் ஒதுங்க வேண்டுவதில்லை.

டைரக்டரி என்றால் என்ன?

ஓர் ஊரில் அல்லது நாட்டில் யார் யார் என்னென்ன தொழில் செய்கிறார்கள், எங்கே செய்கிறார்கள் என்று ஆண்டுதோறும் அச்சிட்டு விற்ற புத்தகமே வர்த்தக டைரக்டரி. லண்டன் வியாபாரிகளின் பெயர்ப் பட்டியல் 1677-இல் அச்சாயிற்று. பிற்காலத்தில் கெல்லி என்பவரின் பெயரால் வந்த டைரக்டரிகள் இங்கிலாந்து முழுவதும் பரவின. நம்மவர் தொழில் செய்த துறைமுகங்களுக்கும் இவ்வழக்கம் வந்தது. சென்னைக்கு ஆசைலம் அச்சுக்கூடத்தின் பஞ்சாங்க டைரக்டரி, இலங்கைக்குப் பெர்குசன் டைரக்டரி, சிங்கப்பூருக்கும் மலாய் நாட்டுக்கும் ‘சிங்கப்பூர் அண்ட் ஸ்ட்ரெயிட்ஸ் டைரக்டரி’ என்று ஒவ்வோரிடத்திலும் ஒன்று வழங்கிற்று.

இந்தச் சிங்கப்பூர் டைரக்டரியைப் பல ஆண்டுகள் அச்சிட்டு வெளியிட்டவர்கள் யார் தெரியுமா? நம் கடைகளில் இன்றும் விற்கிற ஆரஞ்சு, சார்சி பானங்களின் கம்பெனியான பிரேசர் அண்ட் நீவ்தான்! பிரேசர், நீவ் என்னும் இருவரும் முதலில் அச்சுக்கூடம் நடத்தியவர்கள். 1883-இல்தான் சோடாத் தண்ணீர்க் கம்பெனி தொடங்கினார்கள். கடையில் இரண்டு சரக்கு வைத்து, எது ஓடுகிறதோ அதைப் பெருக்குவது நம்மிடம் மட்டும் உள்ள வழக்கமன்று!

பெயரையும் தொழிலையும் சேர்த்தெழுதி வைக்கும் வழக்கம் நம் முன்னோருக்கும் புதியதல்ல. மதரஸாவில் ஓதியவர்கள் கதீப் அல்-பக்தாதியின் பெயரைக் கேட்டிருப்பார்கள். ஹிஜ்ரி 463-இல், அதாவது கி.பி. 1071-இல் மறைந்த அவர், பக்தாது நகரத்தோடு தொடர்புடைய ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரின் வரலாற்றைத் தொகுத்தார். அத்தகைய நூல்களில் பெயரின் முடிவே தொழிலைச் சொல்லிவிடும். அத்தார் என்றால் வாசனைச் சரக்கு விற்பவர். பஸ்ஸாஸ் என்றால் துணி வியாபாரி. ஸய்யாத் என்றால் எண்ணெய்க்காரர். ஸர்ராப் என்றால் நாணயம் மாற்றுபவர். தமிழில் ‘சராப்பு’ என்று நாம் சொல்லுவதும் அந்தச் சொல்லே. மார்க்க அறிஞர்களின் பெயர்களைப் புரட்டினால் ஒரு கடைத்தெருவே எழுந்து நிற்கும்.

முதற்பாடம்: ஒரு புத்தகத்தோடு நிற்காதீர்கள்

ஒரே ஓர் ஆண்டின் டைரக்டரியைப் படிப்பது ஒரு நாள் வசூலைப் பார்த்துவிட்டு இலாப நட்டம் சொல்வது போலாகும். பத்தாண்டுக்கொன்றாக நான்கைந்து புத்தகங்களை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும்.

நம் பகுதியையே எடுத்துக்கொள்வோம். தெலுக் பங்லிமா காராங் கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில், கோல லங்காட் வட்டாரத்தில் இருக்கிறது. 1874-இல் பிராங்க் சுவெட்டன்ஹாம் ஆங்கிலேய அதிகாரியாக லங்காட்டில் வந்து தங்கியபோது, சுல்தான் அப்துல் ஸமதின் இருப்பிடம் அங்கேதான் இருந்தது. சிலாங்கூரின் தலைநகரம் 1880-இல் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறிற்று. கிள்ளான் பக்கத்துக்கு 1886-இல் ரயில் வந்தது. 1901-இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது.

1890-களில் கிள்ளான், லங்காட் வட்டாரங்களில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1869 முதல் இலங்கையில் காப்பிச் செடிக்கு இலைநோய் கண்டு, அங்கிருந்த துரைமார் சிலர் இங்கே வந்தார்கள். அவர்களைத் தேடுகிறவர்கள் பெர்குசன் டைரக்டரியில் தொடங்கிச் சிங்கப்பூர் டைரக்டரியில் முடிப்பார்கள். பிறகு ரப்பர் வந்தது. 1910-இல் லண்டனில் ரப்பர் இராத்தல் 12 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. அக்காலத்துத் தோட்டக் கம்பெனிகள் மழைக்காலத்துக் காளான் போல முளைத்தவை. 1932-இல் அதே ரப்பர் இரண்டு மூன்று பென்ஸுக்கு வந்து நின்றது. ஆட்குறைப்பும், தொழிலாளர் ஊர் திரும்பியதும் அப்போதுதான். அதன்பின் செம்பனை. 1917-இல் கோல சிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில் வியாபாரத்துக்காகத் தொடங்கிய அந்தப் பயிர், இன்று ஆற்றுக்கு அப்பாலுள்ள கேரித் தீவை மூடி நிற்கிறது.

சிலாங்கூரின் ஜனத்தொகை 1891-இல் 81 ஆயிரத்துச் சொச்சம். 1911-இல் 2 இலட்சத்து 94 ஆயிரம். இருபது ஆண்டில் மூன்றரை மடங்கு! கோல லங்காட்டில் ஒரு கித்தாத் தோட்டம் புதிதாகத் திறந்தது என்று டைரக்டரியில் ஒரு வரி இருந்தால், நாம் அதை இப்படிப் படிக்க வேண்டும்: சில நூறு பேர் புதிதாகச் சாப்பிட வந்தார்கள், அவர்களுக்கு அரிசி, கருவாடு, மிளகாய், மண்ணெண்ணெய் வேண்டும், கையில் காசு சம்பள நாளன்றுதான் வரும், ஆகவே பற்றுக்குக் கொடுக்கும் ஒரு கடை வேண்டும். நம் பாட்டன்மார்கள் இந்தக் காட்டோரங்களில் வந்து கடை போட்ட காரணம் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. 1910 என்று அட்டையில் போட்ட புத்தகம் 1909-இன் நிலையைச் சொல்லும். சென்ற ஆண்டுப் பட்டியலையே திருத்தாமல் மறுபடி அச்சிடுவதும் உண்டு. இறந்தவர் இரண்டு வருஷம் டைரக்டரியில் உயிரோடிருப்பார். மூடிய கடை மூன்று வருஷம் திறந்திருக்கும்.

இரண்டாம் பாடம்: பெயரைப் பல விதமாகத் தேடுங்கள்

நம்மவர் பெயர்களை ஆங்கிலக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். முஹ்யித்தீன் என்ற ஒரே பெயர் மைதீன், மெய்தீன், மொஹிதீன், மைடின் என்று பல உருவம் எடுக்கும். மரைக்காயர் மரிக்கான் ஆவார். சாயபு சைபூ ஆவார். பினாங்கில் 1801-இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைக் கட்டிய காதர் முஹ்யித்தீன் மரைக்காயரின் பெயரையே புத்தகத்துக்குப் புத்தகம் வேறு வேறாக எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய மனிதருக்கே அந்தக் கதி என்றால், சில்லறைக் கடைக்காரரை என்ன சொல்வது! ஒரு எழுத்துக்கூட்டலில் கிடைக்கவில்லையென்றால் ‘ஆள் இல்லை’ என்று முடிவு செய்யாதீர்கள்.

ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் அப்படியே. இன்றைய போர்ட் கிள்ளான் 1972 வரை சுவெட்டன்ஹாம் துறைமுகம். நம் பெரியவர்களுக்கு அது கோலக்கிள்ளான். கோலாலம்பூரில் நம்மவர் துணிக்கடைகள் நிறைந்த துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலை முன்பு பத்து ரோடு. தோட்டங்களுக்கும் ஆங்கிலத்தில் ஒரு பெயர், தொழிலாளர் வழக்கில் வேறொரு தமிழ்ப் பெயர். டைரக்டரியில் ஆங்கிலப் பெயர் மட்டும் இருக்கும். இரண்டையும் அறிந்த முதியோர் இருக்கும்போதே எதிரெதிரே எழுதி ஒரு பட்டியல் செய்துகொள்ளுவது அவசியம்.

மூன்றாம் பாடம்: விலாசத்தைப் படியுங்கள்

நம் வியாபாரிகளிடத்தும் செட்டியார்களிடத்தும் கடைக்கு எழுத்து விலாசம் வைப்பது பழைய வழக்கம். ‘காவன்னா மூனா கடை’, ‘சீனா தானா கடை’ என்றுதான் ஊரார் சொல்லுவார்கள். அந்த எழுத்துகளில் பாட்டன் பெயர், தகப்பன் பெயர், சில வேளை சொந்த ஊர்ப் பெயர் அடங்கியிருக்கும். ஆங்கிலப் புத்தகத்தில் இரண்டு மூன்று தலைப்பெழுத்துகளாக மட்டும் நிற்கிற விஷயத்தை வெள்ளைக்காரர் அலங்காரமென்று நினைத்திருப்பார். நமக்கு அது மூன்று தலைமுறையின் சுருக்கம். ஒரே எழுத்துகள் பினாங்கிலும் கிள்ளானிலும் காணப்பட்டால், பெரிய கடையும் கிளைக் கடையுமாக இருக்கலாம். இருக்கலாம் என்றே எழுதுங்கள்; அதன் காரணத்தைப் பின்னால் சொல்லுவோம்.

நான்காம் பாடம்: விளம்பரத்தைத் தாண்டிப் போகாதீர்கள்

பெயர்ப் பட்டியலைவிட விளம்பரப் பக்கங்கள் நமக்கு அதிகம் சொல்லும். தையல் மெஷின் விளம்பரம் ஒரு வட்டாரத்தில் திரும்பத் திரும்ப வந்தால், குடும்பங்கள் வந்து நிலைத்துவிட்டன என்று ஊகிக்கலாம். தனியாக வந்த சபராளி தையல் மெஷினுக்கு என்ன செய்வான்? சைக்கிள் விளம்பரம் பெருகினால் சாலை வந்துவிட்டது. டின் பால் விளம்பரம் பெருகினால் மாடு வைத்திருந்தவர்கள் குறைந்தார்கள், தேநீர்க் கடைகள் கூடின. சரக்கைப் பார்த்து வாடிக்கையாளரை அறிவது நம் தொழில். அந்தக் கண்ணோடு படித்தாலே போதும்.

ஐந்தாம் பாடம்: இல்லாதவர்களை எண்ணுங்கள்

இதுதான் முக்கியமான பாடம். தோட்டப் பகுதிக்கு டைரக்டரி என்ன எழுதும்? தோட்டத்தின் பெயர், ஏக்கர், கம்பெனி, ஏஜெண்டு, பெரிய துரை, சின்னத் துரை. சில பதிப்புகளில் கிராணியும் டிரெசரும் வருவார்கள். அதற்குக் கீழே? கங்காணியோ, மண்டோரோ, அதிகாலையில் பெரட்டுக்கு நின்ற நூற்றுக்கணக்கான தொழிலாளரோ எவரும் வருவதில்லை.

கேரித் தீவுக்கு அப்பெயர் வரக் காரணம் எட்வர்ட் வாலண்டைன் கேரி என்னும் துரை. 1900-களின் தொடக்கத்தில் அங்கே ரப்பர் போட்டவர். அத்தீவில் மா மெரி மக்கள் வாழ்கிறார்கள். முகமூடிச் சிற்பம் செதுக்குவதில் பேர் பெற்றவர்கள். துரை பெயரை டைரக்டரியிலும் வரைபடத்திலும் காண்கிறோம். அந்த மக்களின் பெயரை எந்த வியாபாரப் பட்டியலில் காண்பது? ஆற்றங்கரை மலாய்க் கம்பத்தார், மீன் பிடித்தவர்கள், சிறிய சீனக் கடைக்காரர்கள் கதியும் அதுவே. பெண்கள் பெயரோ அரிதிலும் அரிது.

நம்மவர் நிலை என்ன? சிங்கப்பூர், பினாங்குத் துறைமுகங்களில் மொத்த வியாபாரம் செய்த சிலர் இடம் பெற்றார்கள். சிற்றூர்களில் பற்றுக்கு விற்ற சில்லறைக் கடைக்காரர் பொதுவாக இடம் பெறவில்லை. கம்பெனிக்காரர் புத்தகம் விற்றது வங்கிக்கும் கப்பல் ஏஜெண்டுக்கும் அரசாங்க ஆபீசுக்கும். அவர்களுக்கு வேண்டிய பெயர்களையே சேர்த்தார்கள். இதில் பகைமை ஒன்றும் இல்லை, வியாபாரம்தான். ஆனால் நூறாண்டு கழித்துப் படிக்கிற நம் பிள்ளைகள், ‘புத்தகத்தில் இல்லாதவர்கள் ஊரிலும் இல்லை’ என்று எண்ணிவிட்டால் என்னாவது? ‘நீங்கள் நேற்று வந்தவர்கள்’ என்று எவரேனும் சொன்னால், எதை எடுத்துக் காட்டுவார்கள்?

நாம் செய்த பிழை

இனி நம் போர்டு எழுத்துக் கதைக்கு வருவோம். 1920-களில் வந்த ஒரு டைரக்டரியில், கிள்ளான் பகுதியில், நம் கடையின் அதே மூன்று எழுத்துகளோடு ஒரு பெயரை மகள் கண்டுபிடித்தாள். அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. மறுவாரம் அன்பர்கள் சிலர் கூடியிருந்த இடத்தில், “எங்கள் கடை நூறு வருஷத்துக் கடை, அச்சிட்ட ஆதாரமே இருக்கிறது” என்று பெருமையாகச் சொன்னோம். கிள்ளானில் சிறு வயது முதல் கடைச் சிப்பந்தியாக இருந்த, எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் அங்கே இருந்தார்.

“தம்பி, உங்க தாதா கப்பலேறுனது எந்த வருஷம்?”

“முப்பத்தாறுன்னு அத்தா சொல்லுவாங்க மாமா. ரஜூலாவுல வந்தாங்களாம்.”

“இந்தப் புஸ்தகம்?”

“இருபத்தஞ்சு.”

“அப்போ பதினோரு வருஷம் முந்தியே கடையை வச்சிட்டு, அப்புறம் கப்பலேறுனாரா?”

எல்லோரும் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம், வேறு வழியில்லாமல். பிறகு அவர் நம்மைத் தனியே அழைத்துச் சொன்னார்:

“வருத்தப்படாதே. முதலாளி விலாசத்தையே வச்சுக்கிட்டுக் கிளைக்கடை போடுறது அந்தக் காலத்து வழக்கம். உங்க தாதா கிள்ளான்ல ஒரு கடையில இருந்துட்டுத்தான் அங்கே வந்தாரு. அந்தக் கடை இதுவா இருக்கலாம். உங்க வீட்டுப் பழைய பேரேட்டைப் பாரு. முதல் பக்கத்துல முதல் போட்டது யாருன்னு எழுதியிருக்கும்.”

சகோதரர்களே, அந்தப் பேரேடு நம்மிடம் இல்லை. 2009-இல் கடையைப் புதுப்பித்தபோது, மாடியிலிருந்த பழைய கணக்குப் புத்தகங்களையெல்லாம் நாமே கட்டுக் கட்டாக இறக்கினோம். ‘சூராட் கபார் லாமா’ என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வந்த பழைய பேப்பர் லோரியை நிறுத்தினோம். தராசில் போட்டு நிறுத்தார்கள். பதினெட்டு வெள்ளி கிடைத்தது. கரையான் போன இடம் சுத்தமாயிற்று என்று அன்று சந்தோஷப்பட்டோம். பாட்டனார் கையெழுத்து, அவருக்கு முதல் கொடுத்தவர் பெயர், கடை தொடங்கிய தேதி, ஜப்பான்காரன் காலத்து வெற்றுப் பக்கங்கள், எல்லாம் அந்தப் பதினெட்டு வெள்ளியில் அடக்கம்.

ஆகவே அந்த 1925-ஆம் ஆண்டு வரி நமக்கு ஒரு பொருத்தம் மட்டுமே, ஆதாரம் ஆகாது. எழுத்து ஒன்று, ஊர் ஒன்று. ஆனால் ஆள் ஒன்றென்று சாட்சி இல்லை. ‘இருக்கலாம்’ என்று எழுதச் சொன்னதன் காரணம் இதுதான்.

தப்பிய ஒரு புத்தகம்

அரிசி மூட்டை அடுக்கும் பலகையின் கால் ஆடாமலிருக்க அத்தா கீழே செருகியிருந்த ஒரு கனத்த புத்தகம் மட்டும் தப்பியிருந்தது. தூசு தட்டிப் பார்த்தால் 1961-ஆம் ஆண்டின் பற்றுப் புத்தகம். அதில் டைரக்டரி விட்டுவிட்டவர்களெல்லாம் இருந்தார்கள். எந்த லயத்தில் யார் இருந்தார், எத்தனை கந்து அரிசி வாங்கினார், தீபாவளிக்கும் பெருநாளுக்கும் எவ்வளவு கூடுதல் பற்று, எந்த மாதம் வேலை குறைந்து பாக்கி நின்றது, யார் ஊருக்குப் போனபோது கணக்கை முடித்துப் போனார் என்றெல்லாம் அத்தாவின் கையெழுத்தில். மீன் கொடுத்துக் கணக்கைக் கழித்த மலாய் அன்பர்கள் இருந்தார்கள். கணவர் பெயரன்றித் தம் சொந்தப் பெயரிலேயே கணக்கு வைத்திருந்த பால்வெட்டும் பெண்கள் ஏழு பேர் இருந்தார்கள். பெரிய துரையின் பெயர் அதில் எங்கும் இல்லை!

டைரக்டரியையும் பற்றுப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் ஊர் கண்ணுக்குத் தெரிந்தது. ஒன்று மேலிருந்து பார்த்தது. மற்றது கல்லாவிலிருந்து பார்த்தது. மகளின் நான்கு பக்கம் ஒன்பது பக்கமாயிற்று. போர்டு எழுத்தைப் பற்றி, ‘இது கிள்ளானில் இருந்த பழைய முதலாளியின் விலாசமாக இருக்கலாம், உறுதி செய்யும் பேரேடு கிடைக்கவில்லை’ என்று எழுதினாள். பேரேட்டை விற்றது யார் என்பதை மட்டும் எழுதாமல் விட்டாள்.

வேறு எங்கே தேடலாம்?

பழைய டைரக்டரிகளையும் பத்திரிகைகளையும் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறது. 1845-இல் தொடங்கிய ‘ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸும்’, 1935-இல் தொடங்கிய ‘தமிழ் முரசும்’ அங்கே உண்டு. சிலாங்கூர்ச் செயலகத்தின் பழைய கோப்புகள், 1957-இல் நிறுவப்பட்ட மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

நம்மிடமே உள்ளவற்றை மறக்கலாகாது. பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டக் குறிப்புகள், அடக்கத்தலத்து மீஜான் கற்கள், கப்பல் டிக்கெட்டுகள், ஊரிலிருந்து வந்த கடிதங்கள், சொந்த ஊர் ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தர், அங்குள்ள பள்ளிவாசல் கட்ட மலாயாவிலிருந்து பணம் அனுப்பியவர்களின் பெயர்ப் பலகை. இங்கே பெயர் கிடைக்காதவருக்கு அங்கே கல்லில் பெயர் இருக்கும்.

சில ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொண்டு தேட வேண்டும். 1941 டிசம்பர் முதல் 1945 வரை யுத்தம்; பல பெயர்கள் அதற்குப் பின் வருவதேயில்லை. 1948 முதல் 1960 வரை அவசரகாலம். மக்கள் இடம் மாற்றப்பட்டார்கள், கடைகளும் மாறின. 1953-இல் குடிவரவுச் சட்டம் இறுகியது. புதிய சிப்பந்திகள் வரவு குறைந்தது. 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதோருக்கு வேலைப் பெர்மிட் கட்டாயமாகி, ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பினார்கள். 1971-இல் சுதந்திர வர்த்தக வட்டாரச் சட்டம் வந்தது. பிறகு நம் ஊரிலும் அத்தகைய வட்டாரம் அமைந்து, தோட்டத்து வாடிக்கை போய்த் தொழிற்சாலை வாடிக்கை வந்தது. ஒரு பெயர் மறைந்தால், எந்த ஆண்டில் மறைந்தது என்று பாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைக்கும்.

பயிற்சி

1. உங்கள் கடை விலாசத்தின் ஒவ்வோர் எழுத்தும் யாரைக் குறிக்கிறது? தெரிந்ததைத் தெரிந்ததென்றும், கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதென்றும் தனித்தனியே எழுதுங்கள்.

2. உங்கள் கடை வரிசையில் 30 ஆண்டுக்கு முன் எந்தெந்தக் கடைகள் இருந்தன? அஞ்சடியில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வரிசையாக எழுதுங்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர் எவரையும் விடாதீர்கள்.

3. எழுபதைத் தாண்டிய ஒருவரிடம் அந்தப் பட்டியலைப் படித்துக் காட்டுங்கள். அவர் திருத்தியதை வேறு மையில் எழுதுங்கள். உங்கள் பிழையை அழிக்காதீர்கள்.

4. பழைய கணக்குப் புத்தகம் ஏதேனும் இருந்தால் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். பிறர் கடன் விவரம் இருக்கும் பக்கங்களை வெளியே காட்டாதீர்கள், அது அமானிதம்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு திருமறையின் மிக நீண்ட வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. எழுதுவதில் நம்மவர் குறை வைக்கவில்லை. எழுதியதைக் காப்பதில்தான் குறை வைத்தோம். இந்த ஆண்டு கடைக்கு வெள்ளையடிக்கும்போதோ, வீடு மாறும்போதோ, மாடியில் ஒரு கட்டு பழைய புத்தகம் கண்ணில் பட்டால், லோரியை நிறுத்துமுன் ஒரு முறை முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இடமில்லையென்றால் சங்கத்தில் கொண்டுவந்து கொடுங்கள். அலமாரிக்கு நாம் பொறுப்பு. ஐந்தாறு ஊர்க் கடைக்காரர்கள் சேர்ந்தால், இன்ஷா அல்லாஹ், எந்தக் கம்பெனியும் அச்சிடாத ஒரு டைரக்டரியை நாமே தொகுத்துவிடலாம்.

வஸ்ஸலாம்.